கையெழுத்துப் போடாமல் நான் எழுதிய கடிதம்

மணி,

நேற்று நீ போனில் பேசி முடித்ததும் நான் தாளும் பேனாவும் எடுத்து வைத்தேன். பெங்களூரிலிருந்து சாமளாபுரத்துக்குச் சாமான் இறக்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் யாழினிக்காக மூன்று பள்ளிக்கூடம் ஏறி இறங்கிவிட்டாய். கோடை முடிகிற நேரத்தில் வீடு மாறினால் இப்படித்தான். நல்ல பள்ளிக்கூடம் என்று பெயர் வாங்கியது எல்லாம் தை மாதமே நிரம்பிவிடும். இடம் இருக்கிறது, உடனே வாருங்கள் என்று கூப்பிடுகிறவர்களைப் பார்த்தால், ஏன் இவர்களுக்கு மட்டும் இடம் மிச்சம் என்று நமக்கு உறுத்தும். கடைசியாகப் போன அரசு தொடக்கப் பள்ளியில் டீச்சர், "நீங்க ரெண்டு பேரும் வெளிய இருங்க, பாப்பா என்கூட அரை மணி நேரம் இருக்கட்டும்" என்று சொன்னதும், நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டதாகச் சொன்னாய். "என்னமோ இருக்கும்மா. பெத்தவங்கள வெளிய அனுப்பிட்டுப் பிள்ளைகிட்ட என்ன பேசப் போறாங்க? என்னால டீச்சருங்க யாரையும் நம்ப முடியாது. எனக்கு நீ சொல்லிக் கொடுத்த மாதிரி நானே யாழினிக்குச் சொல்லிக் கொடுத்துக்கறேன்" என்றாய். அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை இதை எழுத வைக்கிறது. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். நானும் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். இதை என் மருமகள் சுகன்யாவும் படிக்கட்டும். உன் தங்கச்சிக்கும் காட்டு. இனி இதில் ஒளிக்க எனக்கு ஒன்றும் இல்லை.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து நாம் முதலிபாளையத்துக்கு வந்தபோது உனக்கு எட்டு வயது, உன் தங்கச்சி இன்னும் பிறக்கவில்லை. மூன்றாம் வகுப்புக்குப் போக வேண்டியவன். வைகாசி பிறந்த நேரம். உன் அப்பாவுக்குப் பனியன் கம்பெனியில் டெய்லர் வேலை, எனக்கு அதே கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற ஒவ்வொரு பனியனையும் வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவதுதான் என் வேலை. வேலைக்கு ஆள் பிடித்து வந்தவர், பிள்ளையின் படிப்பைக் கம்பெனியே பார்த்துக்கொள்ளும் என்று ஊரில் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தார். இங்கே வந்து கேட்டால், நான் எப்போது அப்படிச் சொன்னேன் என்றார். அன்றைக்கே முடிவு பண்ணினேன், இந்த ஊரில் எவர் வாய்ச்சொல்லையும் நம்புவதில்லை என்று. லைன் வீட்டில் பக்கத்து வாசல்காரிகள், "ஏனுங்க, சாப்பிட்டாச்சுங்களா? பையன் என்னங்க படிக்கறான்?" என்று வாய்க்கு வாய் மரியாதையாகப் பேசுவார்கள். நம் ஊரில் ஒருத்தி அவ்வளவு மரியாதையாகப் பேசினால் மனதில் ஏதோ வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். அது இவர்கள் பேச்சு, அவ்வளவுதான் என்று எனக்குப் புரியவே இரண்டு வருஷம் ஆனது.

முதலில் நம் வாசலுக்கே ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு கட்டு விண்ணப்பம். "இங்கிலீஷ் மீடியமுங்க. வேன் வாசலுக்கே வருமுங்க. டிசியும் பொறந்த சர்டிபிகேட்டும் ஒரிஜினலாக் குடுத்துருங்க, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றார். உன் அப்பா அப்போதே தலையை ஆட்டிவிட்டார். பழைய பள்ளியிலிருந்து டிசி இன்னும் வரவில்லை, வந்ததும் தருகிறோம் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டு, மறுநாள் வேலைக்குப் போகாமல் சொல்லாமல் கொள்ளாமல் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தகரக் கொட்டகை. விடுமுறை வகுப்பு என்று சொல்லி இருபது பிள்ளைகளை வைத்திருந்தார்கள். ஒரே பெண் இரண்டு அறைக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். வாசலுக்கு வந்த அதே வெள்ளைச் சட்டைக்காரர்தான் தலைமை ஆசிரியர் நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தார். அரசாங்கம் கொடுத்த அங்கீகாரக் கடிதத்தைக் காட்டுங்கள் என்றேன். "லேமினேசனுக்குக் குடுத்திருக்குதுங்க" என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன். "ஒனக்கு எதப் பாத்தாலும் சந்தேவம்" என்று உன் அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அடுத்த வருஷம் அந்தக் கொட்டகையில் பனியன் வேஸ்ட் மூட்டை அடுக்கியிருந்தார்கள். அங்கே டிசியைக் கொடுத்த பெற்றவர்கள் அதைத் திரும்ப வாங்க நாயாக அலைந்தார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் சந்தேகம் அன்றைக்குச் சரியாக இருந்தது. அதுதான் பின்னால் வந்த கேடு. ஒருமுறை சரியாகிவிட்டது என்றதும், என் சந்தேகம் எப்போதுமே சரி என்று நினைக்க ஆரம்பித்துவிட்டேன்.

பள்ளி திறந்து பத்து நாள் கழித்துத்தான் ஊராட்சித் தொடக்கப் பள்ளிக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனோம். இரண்டே டீச்சர்கள். தலைமை ஆசிரியை ருக்மணி டீச்சர், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், வெடுக்கென்று பேசுகிறவர். டிசி இல்லையே என்றேன். "அது வரப்ப வரட்டுமுங்க. அதுக்காகப் பையன் ஊட்லயா உக்காந்திருப்பான்?" என்றார். ஒரு காகிதமும் கேட்காமல் எதற்கு இவ்வளவு அவசரமாகச் சேர்த்துக்கொள்கிறார், பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்து பள்ளியை மூடிவிடுவார்களோ என்று ஆள் சேர்க்கிறாரோ என்று எனக்குத் தோன்றியது. அடுத்து எங்களை வேப்பமரத்தடியில் நிற்கச் சொல்லிவிட்டு உன்னை மட்டும் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அரை மணி நேரம். வெளியே வந்து, "பையன் நல்ல பையனுங்க" என்று மட்டும் சொன்னார். நீங்கள் எத்தனை மணிக்கு வேலை முடிந்து வருவீர்கள், அதுவரை பையனோடு யார் இருப்பார்கள், வீட்டில் யார் பாடம் பார்ப்பார்கள் என்று என்னைக் கேட்டார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார். வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள், பிள்ளையைக் கவனிக்க மாட்டார்கள் என்று எடை போடுகிறார் என எடுத்துக்கொண்டேன். "எம் பிள்ள ரெண்டாங்கிளாஸ்ல மொத ரேங்க்" என்று வெடுக்கென்று நானும் சொன்னேன். அவர் பதிவேட்டை எடுத்து உன் பெயரை எழுதினார்.

ஆவணி மாதம் ஒருநாள் கம்பெனியில் கரண்ட் போய் எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். நாலு மணிக்குப் பள்ளி விடும். ஐந்தரை ஆகியும் நீ வீட்டுக்கு வரவில்லை. வந்தபோது உன் விரல் நகம் எல்லாம் மண். கால்சட்டை முட்டியில் மண். "ஏல மணி, எங்கல போன?" என்றேன். "வெளாண்டேம்மா" என்றாய். "யார்கூட?" என்றால் பெயர் சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, நான் ஒன்றும் கேட்காமலே, "டீச்சர் என்னைய ஒண்ணும் செய்யலம்மா" என்றாய். கேட்காத கேள்விக்குப் பிள்ளை ஏன் பதில் சொல்கிறது? அந்த வாரமே வயிற்றுவலி என்று பெர்மிஷன் போட்டுவிட்டு, நாலரை மணிக்குப் பள்ளியின் பின்பக்கச் சுவரோரமாகப் போய் நின்றேன். மற்ற பிள்ளைகள் யாரும் இல்லை. நீ வெறும் தரையில் முட்டி போட்டுக் குனிந்திருந்தாய். உன் தலைக்கு மேலே டீச்சர் குச்சியோடு நின்றுகொண்டிருந்தார். குச்சி கீழே எதையோ காட்டியது. நீ கையால் மண்ணைத் தள்ளினாய்.

மணி, சுவர் என் இடுப்பு உயரம்தான். வாசல் பத்தடி தூரத்தில் திறந்து கிடந்தது. உள்ளே போய், என் பிள்ளையை எதற்கு முட்டி போட வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டிசி இன்னும் வரவில்லை. சண்டை போட்டால் உன்னை வெளியே அனுப்பிவிடுவார், நமக்கு வேறு பள்ளிக்கூடமும் கிடையாது, ஊரும் அவர்கள் ஊர் என்று பயந்தேன். வீட்டுக்கு வந்து உன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதாசி எழுதினேன். பிள்ளையைப் பள்ளி விட்ட பிறகும் நிறுத்தி வைக்கிறார், முட்டி போட வைக்கிறார் என்று எழுதினேன். அது நான் பார்த்தது. எழுதி முடித்துப் பார்த்தபோது அது போதாது போல இருந்தது. இதற்கெல்லாம் யாராவது விசாரிக்க வருவார்களா? அதனால், வெளியூர்ப் பிள்ளை என்று இளக்காரமாகக் கையில் வாரியலைக் கொடுத்துப் பெருக்கச் சொல்கிறார், குச்சியால் அடிக்கிறார் என்று சேர்த்தேன். அது நான் பார்க்காதது. எட்டாம் வகுப்பு வரை படித்த என் எழுத்துக்கு அன்றைக்கு அப்படி ஒரு வேகம் வந்தது. கையெழுத்துப் போடவில்லை. உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. அவர் சாகும் வரை சொல்லவில்லை.

அதிகாரிகள் இரண்டு பேர் பைக்கில் வந்து, ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பி, டீச்சர் அடிப்பாரா, பெருக்கச் சொல்வாரா என்று டீச்சரை வெளியே நிறுத்திவிட்டுக் கேட்டார்களாம். பக்கத்து வாசல்காரி வந்து சொன்னாள்: "நெம்பக் கேவலமாப் போச்சுங்க. அந்தம்மா மரத்தடியில நின்னு அழுதாங்களாமா." எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அன்றிலிருந்து நீ நாலே கால் மணிக்கு வீட்டில் இருந்தாய். ஆனால் சிரிப்பு இல்லை. "டீச்சர் என்னைய வீட்டுக்குப் போன்னு சொல்லிட்டாங்கம்மா. பாக்கக்கூட மாட்டேங்காங்க" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாய். அந்த அழுகைதான் உன் மனதில் தங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். டீச்சர்கள் ஒருநாள் ஆசையாக இருப்பார்கள், மறுநாள் தள்ளிவிடுவார்கள் என்று கல்லூரி முடிந்த பிறகும் நீ சொல்வாய். அவர் உன்னைத் தள்ளவில்லை, மணி. தள்ள வைத்தவள் நான்.

பத்து நாள் கழித்து டீச்சர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். கடிதாசி தெரிந்துவிட்டதோ என்று பயந்துகொண்டேதான் போனேன். உன்னையும் வரச் சொல்லியிருந்தார். மேசையில் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம். ஒரு பக்கத்தைத் திறந்து, படத்தைத் தன் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, "கண்ணு, இதைப் படி" என்றார். நீ என்னைப் பார்த்தாய். புத்தகத்தைப் பார்த்தாய். வாயே திறக்கவில்லை. அவர் கையை எடுத்தார். படத்தில் மாடு இருந்தது. "மாடு வண்டி இழுக்கும்" என்று நீ உடனே சொன்னாய். அங்கே எழுதியிருந்தது அது இல்லை.

"வந்தப்ப பையனுக்கு ஒரு எழுத்தும் தெரியாதுங்க. காதுல கேட்டதை அப்படியே மனப்பாடமா ஒப்பிக்கறான், எழுதறதையும் பக்கத்துப் பையனைப் பாத்து வரைஞ்சுடறான். கெட்டிக்காரன், அதனாலதான் யாரும் கண்டுபிடிக்கல. சேர்க்க வந்த அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அம்மாகிட்டச் சொல்லாதீங்கன்னு காலைப் புடிச்சுக்கிட்டான். தீவாளிக்குள்ள நானே வாசிச்சுக் காட்டறேன் டீச்சர்னு சொன்னான். சரின்னு சாயங்காலத்துல மண்ணுல எழுதிப் பழக்கிக்கிட்டிருந்தனுங்க. குச்சியில நான் எழுதிக் காட்டுவேன், அவன் விரல்ல எழுதுவான். பாதி எழுத்து வந்துருச்சு, கூட்டிப் படிக்கத்தான் இன்னும் வரல. இப்ப யாரோ கடிதாசி எழுதிப் போட்டதுல, நாலு மணிக்கு மேல எந்தப் புள்ளையையும் வெச்சுக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க. இனி நீங்கதான் பாக்கோணும்."

ஊரில் தினமும் சாயங்காலம் நீ புத்தகத்தை மடியில் வைத்து ஏற்ற இறக்கத்தோடு படிப்பதைக் கேட்டுக்கொண்டுதான் நான் சோறு பொங்கினேன். ஒரு தடவைகூடக் கிட்டே வந்து விரல் எந்த வரியில் இருக்கிறது என்று பார்த்ததில்லை. பள்ளிக்கூடம், வெள்ளைச் சட்டைக்காரர், டீச்சர், பக்கத்து வாசல்காரி என்று எல்லோரையும் துருவித் துருவிப் பார்த்தவள், என் பிள்ளையை மட்டும் பார்க்கவில்லை. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு. "அப்படி யாரு டீச்சர் எழுதிப் போட்டது?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன். அவர் புத்தகத்தை மூடினார். "தெரியலீங்க. யாரோ பெத்தவங்க. புள்ளைக்கு என்னமோ ஆயிருமோன்னு பயந்து எழுதியிருப்பாங்க" என்றார். பிறகு உன்னைத் திட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, தினமும் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார வேண்டும், படத்தை மறைத்துவிட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும், தப்பாகச் சொன்னால் எழுத்தைத் திரும்ப மண்ணில் எழுத வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, நான் திருப்பிச் சொல்லும் வரை விடவில்லை.

நான் ஓவர்டைமை விட்டேன். ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து முறத்தில் மணலைப் பரப்பி உன்னோடு உட்கார்ந்தேன். மார்கழியில் நீ பஸ்ஸின் முன்னால் இருந்த போர்டை எழுத்துக் கூட்டிப் படித்தாய். அதுதான் உனக்கு ஞாபகம். உன் கல்யாண மேடையில் மைக்கை வாங்கி, "எனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தது பள்ளிக்கூடம் இல்ல, எங்கம்மா" என்று நீ சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்தாய். பாதி எழுத்தை அவர் சொல்லிக் கொடுத்திருந்தார். மீதியை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். அடுத்த ஜூனில் அவருக்கு வேறு ஊருக்கு மாறுதல் வந்தது. வழக்கமான மாறுதல்தான் என்றார்கள். நான் இன்றுவரை அதை நம்பவில்லை.

நீ பெங்களூரை விட்டு இந்தப் பக்கம் வரப்போகிறாய் என்று தெரிந்ததிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விசாரித்து விசாரித்து, டீச்சர் ஓய்வு பெற்று மூலனூரில் மகள் வீட்டில் இருப்பதைக் கண்டுபிடித்துப் போன வாரம் பஸ் ஏறிப் போனேன். உன்னிடம் கோயிலுக்குப் போவதாகச் சொன்னது பொய். டீச்சர் நன்றாக மெலிந்துவிட்டார். என்னைக் கண்டதும், "வாங்க. மணி என்ன பண்றானுங்க?" என்றார். நீ என்ன வேலையில் இருக்கிறாய் என்று சொன்னேன். கல்யாணமாகிப் பிள்ளை இருக்கிறது என்றேன். அதற்கு மேல் சுற்றி வளைக்க முடியவில்லை. "டீச்சர், அந்த மொட்டைக் கடிதாசி நான் எழுதினது" என்றேன்.

"தெரியுமுங்க" என்றார்.

எப்படி என்று கேட்டேன். அவர் சொன்னார்: "விசாரணையில என்கிட்டப் படிச்சுக் காட்டுனாங்க. பையன் கையில வாரியலைக் குடுத்துப் பெருக்கச் சொல்றாங்கன்னு எழுதியிருந்துச்சு. எங்கூருல யாருங்க வாரியல்னு சொல்றாங்க? நாங்க சீமாறும்போம். அந்த வருசம் என்ர பள்ளிக்கூடத்துல தெக்கத்திப் புள்ள மணி ஒருத்தன்தானுங்க."

அப்படியென்றால், என்னைக் கூப்பிட்டுப் புத்தகத்தைத் திறந்தபோதே அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பக்கத்தில் உட்காரும் முறையை எனக்குச் சொல்லிக் கொடுத்தார். ஏன் டீச்சர் அன்றைக்கே என்னைத் திட்டவில்லை என்று கேட்டேன். "திட்டியிருந்தா அடுத்த நாளே பையனைக் கூட்டிக்கிட்டுப் போயிருப்பீங்க. அவனுக்குப் பாதி எழுத்து பாக்கி இருந்துச்சுங்களே" என்றார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. வேறொன்று சொன்னார். "அதுக்கப்புறம் ரிட்டயர் ஆகற வரைக்கும் நாலு மணிக்கு மேல ஒரு புள்ளையையும் நான் நிறுத்தலீங்க. பயந்துட்டேன். மணி மாதிரி ஒவ்வொரு வருசமும் ரெண்டு பேராவது வருவாங்க. பாத்தும் பாக்காத மாதிரி மணியடிச்சதும் அனுப்பிருவேன். அதுதான் எனக்கு ஆறலீங்க." மூலனூரிலிருந்து பஸ்ஸில் திரும்பி வரும்போது, அப்படி அனுப்பப்பட்ட பிள்ளைகள் இப்போது எங்கே, என்ன வேலையில் இருப்பார்கள், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் என்ன செய்வார்கள் என்று அதே நினைப்பு. என் கம்பெனியிலேயே ஒருவன் இருக்கலாம்.

யாரையும் சந்தேகப்படாதே என்று உன்னிடம் நான் சொல்ல மாட்டேன். பெண் பிள்ளையைப் பெற்றவன் நீ. இன்றைக்குக் கேள்விப்படுகிற சங்கதிகள் எனக்கும் தெரியும். கதவை மூடச் சொல்கிற இடத்தில் பிள்ளையை விடாதே. ஆனால் என்னைப் போலச் சுவருக்கு வெளியே நின்றுவிட்டுப் போய்விடாதே. "எதற்காகத் தனியாகப் பார்க்க வேண்டும்?" என்று அந்த டீச்சரின் முகத்துக்கு நேராகக் கேள். ஜன்னல் வழியாகப் பிள்ளை தெரிகிற இடத்தில் நாங்கள் உட்கார்ந்துகொள்கிறோம் என்று சொல். நியாயமானவராக இருந்தால் அவரே நாற்காலி எடுத்துப் போடுவார். மறுத்தால் அப்போது எழுந்து வா.

இன்னொன்று. இதை நேற்றே சொல்லியிருக்க வேண்டும்; சொல்ல வாய் வரவில்லை. சாமான் இறக்கிய அன்று யாழினி என் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய இங்கிலீஷ் கதைப் புத்தகத்தைப் படித்துக் காட்டினாள். குரல் கணீரென்று இருந்தது. நீயும் சுகன்யாவும் அந்தப் பக்கம் பீரோவை நகர்த்திக்கொண்டே கேட்டுச் சிரித்தீர்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால் நான் அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கம் ஒன்றாக ஒட்டிக்கொண்டு புரண்டுவிட்டன. அவள் கவனிக்கவில்லை. நிறுத்தாமல் படித்துக்கொண்டே போனாள். படத்தில் யானை வந்த பிறகும் அவள் வாயில், எனக்கும் தெரிந்த 'மங்கி'தான் இருந்தது. என் சந்தேகம் பொய்யாகப் போகட்டும். ஆனால் அந்த டீச்சர் அரை மணி நேரத்தில் எதைப் பார்க்க நினைத்தார் என்று எனக்குத் தெரியும் போலிருக்கிறது.

இதைப் படித்து முடித்ததும் உனக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும், அது நியாயம். நேரில் வந்து கேள், பதில் சொல்கிறேன். மூலனூர் விலாசத்தை இந்தத் தாளின் பின்னால் எழுதியிருக்கிறேன். போவதும் போகாததும் உன் இஷ்டம். ஆனால் இது கைக்குக் கிடைத்த மறுநாள் காலை முதல் வேலையாக யாழினியைக் கூட்டிக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போ. அவளைச் சேர்த்துவிட்டு வந்து என்னோடு சண்டை போடு.

அம்மா